சின்னப்பனும் பவுலும்

கேள்வி: என் பாட்டனார் பெயர் சின்னப்பன்; ஞானஸ்நான ஏட்டிலோ பவுல் என்றிருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?
– ஒரு வாசகர், திருமங்கலம்.

பதில்: ‘பவுலுஸ்’ என்ற லத்தீன் பெயருக்குச் ‘சிறியவர்’ என்று பொருள், ஒலியை விட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு, மரியாதைக்கு ஓர் ‘அப்ப’னையும் சேர்த்துச் சின்னப்பன் ஆக்கினார்கள். ‘கடவுள் அருளினார்’ எனப் பொருள்படும் யோவான் என்ற எபிரேயப் பெயரும் அவ்வாறே அருளப்பன் ஆயிற்று. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி முதலான இயேசு சபைக் குருக்கள் தமிழ்ச் சொற்களை விரும்பித் தேடியவர்கள். யோசேப்புக்கு மட்டும் அந்த யோகம் வாய்க்கவில்லை. அதன் போர்த்துக்கீசிய உச்சரிப்பே சூசையாகத் திரிந்து நின்றுவிட்டது. ஆனால், சின்னப்பன் என்றாலே பவுல்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அழகர்கோயிலுக்கு முடியிறக்கப் போகும் குடும்பங்களிலும் அண்ணன் பெரியப்பன், தம்பி சின்னப்பன் உண்டு.