மொஹாவே பழம்பாதையில் ஆறு வண்டிகள்: கிளம்பும் முன் எதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும்?

கேள்வி: கலிஃபோர்னியாவின் இர்வைனில் வசிக்கும் ஆறு குடும்பங்கள் நாங்கள். டிசம்பர் விடுமுறையில் மூன்று நாள் மொஹாவே சாலையில் போக ஆசை. இரண்டு ஜீப் ரேங்க்ளர், ஒரு ஃபோர்ரன்னர், ஒரு டகோமா பிக்அப், அப்புறம் இரண்டு ஆல்வீல் டிரைவ் கிராஸ்ஓவர் (கார் அடித்தளத்தில் கட்டிய எஸ்யூவி) இருக்கின்றன. பெரியவர்கள் பன்னிரண்டு பேர், குழந்தைகள் ஏழு பேர். மண்பாதையில் ஓட்டிய அனுபவம் இரண்டு பேருக்குத்தான். எல்லா வண்டியும் போகுமா? எப்படித் திட்டமிடுவது?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் பாதையில் இறங்குவது நான்கு வண்டிகள் மட்டும். இரண்டு கிராஸ்ஓவரும் நல்ல சாலை வழியாக வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து மொஹாவே பாலைவனத்தின் வழியே மேற்கே பார்ஸ்டோ பக்கம் வரை ஏறத்தாழ 220 கிலோமீட்டர் ஓடுகிறது இந்தப் பாதை. முதலில் இது மொஹாவே பழங்குடி மக்கள் கடற்கரைக்கு வணிகம் செய்ய நடந்துபோன தடம். ஊற்றிலிருந்து ஊற்றுக்கு நடந்து கடக்கும்படி அமைந்த வழி. 1776ல் ஸ்பானியப் பாதிரியார் ஃபிரான்சிஸ்கோ கார்செஸும் 1826ல் அமெரிக்க வேட்டைக்காரர் ஜெடடையா ஸ்மித்தும் பழங்குடி வழிகாட்டிகளோடுதான் இதைக் கடந்தார்கள். 1857ல் அரசுக்காக வண்டிப்பாதை அளந்த எட்வர்ட் பீல் ஒட்டகங்களோடு வந்தார். பிறகு ராணுவம் ஊற்றுகளின் அருகே சிறு காவல் அரண்களைக் கட்டியது. 1883ல் தெற்கே ரயில் பாதை வந்ததும் இந்த வழியின் தேவை முடிந்துபோனது. கிழக்கே பல மைல் தூரத்துக்கும், மேற்கே ஆற்றுப்படுகையிலும் இன்றைக்கும் இது தார் காணாத வண்டித் தடம்தான்.

பாறையில் ஏறி இறங்கும் சாகசப் பாதை அல்ல இது. பெரும்பாலான இடங்களில் ஃபோர் வீல் டிரைவும் பொறுமையும் இருந்தால் போதும். சிக்கல் வேறு மூன்று விஷயங்களில் இருக்கிறது: ஆழமான மணல், லான்ஃபேர் பள்ளத்தாக்கில் அலை அலையாய் வரும் மேடுபள்ளம், வடிந்த நீர் அரித்துப்போட்ட பள்ளங்கள். கிராஸ்ஓவருக்கு லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு நகர வைக்கும் கியர்) கிடையாது. வண்டியின் அடிப்பகுதியும் தாழ்வு. ஸ்டெப்னி என்று பார்த்தால் பெரும்பாலும் ஒல்லியான தற்காலிக டயர்தான், அதை மாட்டிக்கொண்டு மணலில் நகரவே முடியாது. அந்த வண்டி ஒன்று மாட்டினால் ஆறு குடும்பமும் நிற்கும். குழுப் பயணத்தின் வேகத்தை முடிவு செய்வது மிகவும் பலவீனமான வண்டிதான். நல்ல ஜீப் வைத்திருப்பவர்கள் இதைச் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

அதற்காக அந்த இரண்டு குடும்பங்களையும் வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டாம். பாதையின் நடுப்பகுதி மொஹாவே தேசியப் பாதுகாப்பகத்துக்குள் வருகிறது. தார்ச்சாலைகளும் சமன்படுத்திய மண்சாலைகளும் அதைக் குறுக்கே வெட்டுகின்றன. உங்கள் திட்டத்தை இந்தச் சந்திப்புகளை வைத்தே போடுங்கள். ஒவ்வொரு சந்திப்பும் ஓர் அவசர வாசல். யாருக்காவது உடம்பு சரியில்லையா, டயர் போய்விட்டதா, மழை வருகிறதா, அங்கே வெளியேறிவிடலாம்.

முதல் நாள் கொலராடோ ஆற்றோரம் நெவாடா பக்கத்தில் தொடங்கி மேற்கே வாருங்கள். வழக்கமான திசை அதுதான். பாதையோரக் கல்குவியல் அடையாளங்களும் அந்தத் திசைக்கேற்பத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. மேற்கே போகும்போது அவை உங்கள் வலப்பக்கம் வரவேண்டும். வெகுநேரமாக ஒரு குவியலையும் காணோம் என்றால் நிறுத்தி வரைபடத்தைப் பாருங்கள். பையூட் ஊற்று அருகே 1860களின் ராணுவ அரணின் கற்சுவர் இன்னும் நிற்கிறது. அங்கே குழந்தைகளை இறக்கி நடக்க விடுங்கள். அதன் பிறகு லான்ஃபேர் பள்ளத்தாக்கு. ஜோஷுவா மரங்களுக்கும் முட்புதர்களுக்கும் இடையே தடம் ஒரு வண்டி அகலத்துக்குக் குறுகிவிடும். புதர்க் கிளைகள் இரண்டு பக்கமும் கதவைக் கீறும் சத்தம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும். பெயிண்ட் மேல் உயிரையே வைத்திருப்பவர் உங்கள் குழுவில் இருந்தால், இதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ராக் ஊற்று தாண்டி, பிளாக் கேன்யன் சாலையில் தெற்கே திரும்பி ஹோல்-இன்-த-வால் முகாமிடத்தில் முதல் இரவைக் கழியுங்கள். தெற்கே ஐ-40 நெடுஞ்சாலைப் பக்கத்திலிருந்து அதுவரைக்கும் தார் வந்துவிடுகிறது. கிராஸ்ஓவர் குடும்பங்கள் மதியமே வந்து சேர்ந்து கூடாரம் போட்டு வைக்கலாம். குழுவுக்கென்று தனி இடமும் உண்டு, முன்பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் நாள் மீண்டும் பாதைக்குத் திரும்பி, கெல்ஸோ-சீமா சாலையைக் கடந்து மார்ல் ஊற்று, அடுத்து புகழ்பெற்ற அஞ்சல்பெட்டி. பாலைவனத்தின் நடுவே கொடிமரமும் அதன் கீழே ஒரு தபால்பெட்டியும் இருக்கும். உள்ளே உள்ள நோட்டில் வழிப்போக்கர்கள் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். அதற்கும் மேற்கே கெல்பேக்கர் தார்ச்சாலை குறுக்கிடும். இந்தப் பயணத்தின் முக்கியமான முடிவை எடுக்க வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் அடுத்து வருவது சோடா ஏரி.

சோடா ஏரி வறண்ட ஏரி. மேலே வெள்ளை உப்புப் பொருக்கு காய்ந்து, கெட்டியான தரை மாதிரி தெரியும். அதன் கீழே களிமண். மழை பெய்து பல நாள் ஆனபின்பும் அடியில் ஈரம் தங்கியிருக்கும். சக்கரம் பொருக்கை உடைத்துக்கொண்டு இறங்கினால் அச்சு வரைக்கும் போய்விடும், இழுக்க வரும் வண்டியும் பக்கத்திலேயே புதையும். டிசம்பர் மழை வரக்கூடிய மாதம். ஆகவே முந்தைய வாரத்தின் மழை விவரத்தைப் பாருங்கள், பாதுகாப்பக அலுவலகத்தைக் கூப்பிட்டு ஏரியின் நிலையைக் கேளுங்கள், கரையில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச தூரம் நடந்தும் பாருங்கள். செருப்பில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அவ்வளவுதான், திரும்பிவிடுங்கள். கெல்பேக்கர் சாலையில் வடக்கே போனால் பேக்கர் ஊர், ஐ-15 நெடுஞ்சாலை. ஏரியைச் சுற்றிக்கொண்டு தடத்துக்கு வெளியே ஓட்டலாமா என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். கூடாது. அது சட்டப்படி குற்றம், அந்தச் சக்கரத்தடம் பாலைவனத் தரையிலிருந்து மறைய ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும்.

ஏரி காய்ந்திருந்தால் இரண்டாம் இரவு நான்கு வண்டிகளும் கெல்பேக்கர் சாலைக்கு மேற்கே, ஏற்கெனவே புழங்கிய முகாமிடம் ஒன்றில் தங்கலாம். கிராஸ்ஓவர் குடும்பங்கள் பேக்கர் வழியாக ஆஃப்டன் கேன்யன் முகாமுக்குப் போய்விடட்டும். நெடுஞ்சாலையிலிருந்து சில மைல் சரளைச் சாலைதான். மூன்றாம் நாள் ஏரி நடுவே பயணிகள் நினைவுக் கற்குவியலைப் பார்ப்பீர்கள். கடந்துபோகும் ஒவ்வொருவரும் ஒரு கல் வைப்பது வழக்கம். பாதுகாப்பகத்துக்குள் கல் பொறுக்கக் கூடாது, எனவே குழந்தைகளை வீட்டிலிருந்தே ஆளுக்கொரு கல் எடுத்துவரச் சொல்லுங்கள்.

ஆஃப்டன் கேன்யனில் மொஹாவே ஆற்றைக் கடக்க வேண்டும். பெரும்பாலும் மணலுக்கு அடியில் ஓடும் ஆறு இங்கே பாறை தடுப்பதால் மேலே வந்துவிடுகிறது. ரயில் பாலத்தின் பக்கத்தில் உள்ள கடவில் தண்ணீர் சில சமயம் கணுக்காலளவு, சில சமயம் கதவு வரை. ஒருவர் கோலோடு இறங்கி நடந்து ஆழம் பார்த்துச் சொன்ன பிறகே முதல் வண்டி இறங்க வேண்டும். முழங்காலுக்கு மேல் இருந்தால் புதியவர்கள் ஓட்ட வேண்டாம். கிராஸ்ஓவர் குடும்பங்கள் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே காத்திருப்பதால், கடக்காமல் திரும்பிவிட்டாலும் அவர்களோடு சேர்ந்துகொள்வது சுலபம்.

இனி வண்டிகளைப் பற்றி. மண்பாதையில் நுழைந்ததும் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ பக்கம் இறக்குங்கள். மணலில் டயர் பரந்து மிதக்கும், மேடுபள்ளத்தில் குலுக்கலும் நன்றாகக் குறையும். பணம் செலவழிக்க ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நல்ல ஏர் கம்ப்ரஸரைத்தான் சொல்வேன், நான்கு வண்டிக்கும் சேர்த்துக் குறைந்தது இரண்டு இருக்கட்டும். முழு அளவு ஸ்டெப்னி, மண்வெட்டி, புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மணல் பலகைகள், இழுவைக் கயிறு கட்டாயம். கயிற்றை வண்டியின் சரியான இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பின்னால் இருக்கும், டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டாகப் பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். இழுக்கும்போது குழந்தைகள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்கவேண்டும்.

பாதையில் பெட்ரோல் பங்க் கிடையாது. நீடில்ஸிலோ லாஃப்லினிலோ டேங்கை நிரப்புங்கள். மணலிலும் லோ ரேஞ்சிலும் வண்டி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு குடிக்கும், ரேங்க்ளர்காரர்கள் ஒரு கேன் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர், அதற்கு மேல் இரண்டு நாள் கூடுதல் கையிருப்பு. பாதையில் ஊற்றுகள் இருக்கின்றன என்று அதை நம்பிப் போகாதீர்கள், அது விலங்குகளுக்கான தண்ணீர். முகாமையும் ஊற்றிலிருந்து தள்ளியே போடுங்கள்.

செல்போன் பெரும்பாலும் வேலை செய்யாது. வண்டிக்கு ஒரு ஜிஎம்ஆர்எஸ் வாக்கி-டாக்கி வேண்டும். உரிமத்துக்குத் தேர்வு இல்லை, 35 டாலர் கட்டினால் பத்து வருடம், குடும்பம் முழுவதற்கும் செல்லும். பிரிந்து போகும் இரண்டு அணியிடமும் செயற்கைக்கோள் செய்திக் கருவி ஆளுக்கொன்று இருக்கட்டும். வரைபடத்தை எல்லா போனிலும் முன்பே இறக்கி வையுங்கள், காகிதத்தில் ஒன்றும் வேண்டும்.

அனுபவம் உள்ள இருவரில் ஒருவர் முதல் வண்டியில், மற்றவர் கடைசி வண்டியில். புதியவர்கள் நடுவில். புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்ட வேண்டியிருப்பதால் முன்னால் போகும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரே விதி: ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. ஒவ்வொரு பிரிவிலும் பின்வண்டி கண்ணில் படும் வரை நின்று, பிறகு திரும்புங்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் யாரும் தொலைய மாட்டார்கள்.

டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். மேற்கே போவதால் பிற்பகல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், புழுதி படிந்த கண்ணாடியில் எதிரே ஒன்றும் தெரியாது. காலை எட்டுக்குக் கிளம்பி மூன்றரைக்குள் முகாம் சேர்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராக் ஊற்றுப் பக்கம் 1,500 மீட்டர் உயரத்தை நெருங்குகிறது. இரவில் தண்ணீர் கேன் உறையும், பனிகூட விழலாம். குழந்தைகளுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே தாங்கும் தூக்கப்பை வேண்டும். அந்தக் குளிரில் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் இரண்டு நாள் தாராளமாகத் தாங்கும், முதல் நாள் சமையலே வேண்டாம். விறகு கையோடு கொண்டுபோங்கள், அங்கே பொறுக்க அனுமதி இல்லை. கழிப்பறைக்கு மலப்பைகள் வாங்கி, குப்பையோடு திருப்பி எடுத்து வாருங்கள்.

பெரிய குழுக்களுக்கு முன் அனுமதி தேவை. நான்கும் இரண்டுமாகப் பிரிந்தாலும் ஆறு வண்டி என்றே சொல்லி, தேதி முடிவானதும் பாதுகாப்பகத்துக்கு எழுதிவிடுங்கள். நம்பர் பிளேட் இல்லாத வண்டிகளுக்கு உள்ளே அனுமதியே கிடையாது. காப்பீட்டையும் ஒருமுறை படியுங்கள். சாலையோர உதவித் திட்டங்கள் பல, பராமரிப்பில்லாத மண்பாதைக்கு வண்டி அனுப்ப மாட்டா. தனியார் மீட்பு வண்டியை அழைத்தால் செலவு ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும்.

கிளம்பும் ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பாலைவன ஆமைகள் டிசம்பரில் பெரும்பாலும் வளைக்குள் உறங்கும், ஆனால் இளஞ்சூடான நாளில் வெளியே வந்து சக்கரத்துக்கு அடியில் இருக்கக்கூடும். இருந்தால் தூக்காதீர்கள், தானாக நகரும் வரை காத்திருங்கள். பயந்தால் சேமித்து வைத்த நீரை எல்லாம் சிறுநீராக வெளியேற்றிவிடும், வறண்ட பருவத்தில் அது அதன் உயிருக்கே ஆபத்து.

ஆஃப்டனில் நெடுஞ்சாலை ஏறும் முன் டயருக்கு முழுக் காற்று நிரப்புங்கள். ஏரியைக் கடந்திருந்தால் அந்த வாரத்துக்குள் வண்டியின் அடிப்பாகத்தை அழுத்தத் தண்ணீரில் கழுவிவிடுங்கள், அந்த உப்புச் சேறு இரும்பை அரிக்கும்.