சியராவில் நடக்கத் திட்டமா? கேள்வி பதில்

பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 4,265 கி.மீ. நீளும். அதில் மிக உயரமான பகுதி கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா. அந்தப் பகுதி பற்றி வந்த கேள்விகளுக்கு, தெற்கிலிருந்து வடக்கே போகிறவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, சியராவின் தெற்கு வாசலான கென்னடி மெடோஸிலிருந்து எப்போது கிளம்பலாம்?

பொதுவாக ஜூன் நடுவில். ஆனால் தேதியை உறுதி செய்யும் முன் பனியைப் பாருங்கள். ஏப்ரல் 1 வாக்கில் மலையில் எடுக்கும் பனி அளவு சராசரியைவிட மிக அதிகமாக இருந்தால் ஜூலைக்குத் தள்ளிப்போடுங்கள். 2017, 2023 இரண்டும் அப்படிப்பட்ட ஆண்டுகள்.

கேள்வி: சார், தினமும் 30 கி.மீ. நடந்து பழக்கம். அதே கணக்கில் இங்கேயும் திட்டம் போடலாமா?

வேண்டாம். பனி இருக்கும் காலத்தில் இங்கே கிலோமீட்டரைவிடக் கடிகாரம்தான் முக்கியம். இரவுக் குளிரில் இறுகிய பனி, காலையில் ஆளைத் தாங்கும். வெயில் ஏறியதும் இளகி, அடிக்கு அடி தொடை வரை கால் புதையும். ஆறுகளும் அப்படித்தான்: பகலில் உருகும் பனி பிற்பகலிலும் மாலையிலும் வெள்ளமாக வந்து சேரும், விடியற்காலையில் மட்டம் இறங்கியிருக்கும். ஆக, கணவாய்க்கும் காலை வேண்டும், ஆற்றுக்கும் காலை வேண்டும். அதனால் எந்த இரவு எங்கே கூடாரம் போடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தூரக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

ஃபாரஸ்டர் கணவாயை எடுத்துக்கொள்வோம். உயரம் 4,009 மீட்டர், மொத்தப் பாதையிலும் இதுதான் உச்சம். அதற்கு ஏழெட்டு கி.மீ. முன்னால் டின்டால் கிரீக் என்ற ஓடை குறுக்கிடும். மாலையில் அங்கே வந்து சேர்ந்தால் கடக்காதீர்கள், இக்கரையிலேயே தங்குங்கள். இருட்டிலேயே எழுந்து, வெளிச்சம் வந்ததும் ஓடையைக் கடந்து ஏறினால், உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள செங்குத்தான பனிச் சரிவு இறுகியிருக்கும்போதே தாண்டிவிடலாம். இன்னும் வடக்கே உள்ள மியூர் கணவாயில் இந்தக் கணக்கு ஒத்துவராது. இரண்டு பக்கமும் பனி நீளமாகக் கிடக்கும், இறங்கி எவலூஷன் கிரீக்குக்கு வரும்போது பிற்பகல் ஆகியிருக்கும். அங்கே தங்கிவிட்டு மறுநாள் காலையில் கடப்பதே சரி. புல்வெளிப் பக்கமாக ஒரு மாற்று வழி உண்டு. ஆறு அங்கே அகலம், ஓட்டம் மெதுவு.

கேள்வி: ஐஸ் கோடரி அவசியமா?

கணவாய்களில் பனி இருந்தால் ஆம். ஆனால் பையில் தொங்கினால் போதாது. சறுக்கும்போது கோடரியைக் குத்தி நிற்கும் பயிற்சியை, கீழே பாறையில்லாத சிறு சரிவில் உடம்புக்குப் பழகும் வரை செய்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: உயரம் எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பயமாக இருக்கிறது.

3,000 மீட்டருக்கு மேல், ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியோடு குமட்டல் வந்தால் ஏறுவதை நிறுத்துங்கள். தள்ளாடி நடந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்க வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: சாப்பாடு எத்தனை நாளுக்கு?

கென்னடி மெடோஸிலிருந்து கியர்சார்ஜ் கணவாய்க்குப் பிரியும் வழி வரை சுமார் 140 கி.மீ. அங்கிருந்து, ஊருக்குப் போய் உணவு வாங்கச் சாலை இருக்கும் ஆனியன் வேலிக்கு இறங்க இன்னும் 12 கி.மீ. ஆகும். விட்னி சிகரமும் ஏறுவதாக இருந்தால் ஒரு நாள் கூடும். உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைப்பது இந்தப் பாதையின் பல பகுதிகளில் கட்டாயம். அந்த டப்பா நிறைந்ததும் உங்கள் கணக்கும் நிறைந்தது. அதனால் வீட்டிலேயே ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். பற்பசை, சோப்பு போல வாசனை உள்ள எல்லாம் அதற்குள்தான் போக வேண்டும்.

கேள்வி: அனுமதி எங்கே வாங்குவது?

500 மைலோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக நடப்பவர்களுக்கு பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் சங்கத்தின் வழியாக ஒரே அனுமதி கிடைக்கும். அதற்குக் குறைவென்றால், நீங்கள் தொடங்கும் இடத்தின் பூங்காவிலோ வனத்துறையிலோ வாங்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, தனியாகப் போகிறேன். ஆறுகளை நினைத்தால்தான் கவலை.

கவலை நியாயம்தான் தம்பி. 2017-இல் இந்தப் பகுதியில் இரண்டு பேர் ஆற்றில் உயிரிழந்தார்கள். கடக்கும் முன் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடு, விழுந்தால் பையைக் கழற்ற முடிய வேண்டும். ஷூவைக் கழற்றாதே. ஊன்றுகோலை நீர் வரும் பக்கம் ஊன்றி, நீரோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகரு. அதற்கு முன் நீர் போகும் கீழ்ப்பக்கமும் கரையோடு நடந்து பார்த்துவிடு. அங்கே அருவியோ குறுக்கே விழுந்த மரமோ இருந்தால் அந்த இடமே வேண்டாம். தண்ணீர் தொடைக்கு மேல் வேகமாக ஓடினால் காத்திரு, பின்னால் யாராவது வருவார்கள், சேர்ந்து கடக்கலாம். யாரும் வரவில்லையா? திரும்பி நடந்து, வந்த வழியில் உள்ள கணவாய் வழியாக ஊருக்கு இறங்கிவிடு. அதற்காகவே டப்பாவில் ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும்.