சோழவரத்துல ஒரு ரேஸ் வேணும்!

கேள்வி: அண்ணே, ஃபோர்ஸா ஹொரைசன் 6 கார் ரேஸ் வீடியோ கேம் ஜப்பான்ல நடக்குதாமே, அதுக்கடுத்து வர்ற ரேஸிங் கேம்ல உங்களுக்கு என்ன வேணும்?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: எனக்கு சோழவரம் வேணும் தம்பி. செங்குன்றம் தாண்டி இருக்குற உலகப்போர் காலத்து ரன்வே, இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்றதுக்கு முன்னாடி மெட்ராஸ் ரேஸ்னா அங்கதான், அந்த ஸ்ட்ரெய்ட்ல பழைய பியட்ட ஒருதரம் விரட்டிப் பாக்கணும். அப்புறம் மழை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி டயர் வாரி அடிக்கிற சேத்துத்தண்ணி கண்ணாடில விழுந்தா வைப்பர் போய்ட்டு வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது பாரு, அது அப்படியே வரணும், ரோடு பளபளன்னு இருந்தா மட்டும் மழை ஆயிடாது. திரைய ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பேர் ஆடுற ஸ்பிளிட் ஸ்கிரீனும் கட்டாயம் வேணும்பா, ஒரே டிவி முன்னாடி தோளோட தோள் இடிச்சுக்கிட்டு ஆடுற சுகம் நெட்ல வராது.