144 ஹெர்ட்ஸ் திரையில் வேலரண்ட் 60-ஐத் தாண்டாத தம்பிக்கு

தம்பி, நொடிக்கு 144 முறை படம் மாற்றும் திரை இருந்தும் வேலரண்ட் கேம் நொடிக்கு 60 ஃபிரேமை (படத்தை) தாண்டவில்லை, சண்டையில் இழுக்கிறது, கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். 60-லேயே நிற்பதும் சண்டை சூடுபிடிக்கும்போது இழுப்பதும் வேறு வேறு கோளாறுகள். முதலாவது சுலபம்: புதுத் திரை வாங்கினாலும் விண்டோஸ் சில சமயம் 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவிடும், கேமில் வி-சிங்க் (ஃபிரேம் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் அமைப்பு) வேறு போட்டிருந்தால் அதற்கு மேல் ஏறவே ஏறாது. விண்டோஸில் 144 வையுங்கள், வி-சிங்கை அணைத்துவிடுங்கள். ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்டிலிருந்து 6.9-க்கு இறங்கும், கையிலேயே தெரியும். திரையின் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில்தானே செருகியிருக்கிறது?

இழுப்புக்கு நான் சந்தேகப்படுவது உங்கள் கணினியில் இருக்கும் அந்த ஒற்றை 8 ஜிபி ரேமைத்தான். வேலரண்ட் கார்டைவிட பிராசஸரைத்தான் அதிகம் பிழியும், அதற்கு ரேம் ஜோடியாக ஓட வேண்டும். அதே வேகத்தில் இன்னொன்று போடுங்கள்.

அப்புறம் சூடு. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) வீடு தகரக் கூரை, மதியம் இரண்டு மணிக்கு என் பிராசஸர் 95 டிகிரி தொட்டுத் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் விசிறிக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. பழைய பெயிண்ட் பிரஷால் தட்டிவிட்டு, பிராசஸர் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினேன், 78-க்கு வந்துவிட்டது. நீங்கள் விளையாடும்போது எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.