பிடிமண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் ஊருணியின் சுற்றுச்சுவரில் ஓவியம் வரைய நண்பர்கள் ஐந்து பேர் பணம் திரட்டியிருக்கிறோம். ஓவியக் கல்லூரியில் படித்த நண்பர் மாதிரிப் படமும் போட்டுவிட்டார். ஏர் உழவர், மாட்டுவண்டி, கோலம் போடும் பெண். ஊர்க்கூட்டத்தில் காட்டினோம். எதிர்ப்பு இல்லை, ஆர்வமும் இல்லை. ஒரு பெரியவர் மட்டும் “அழகா இருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஊரை எப்படி உள்ளே கொண்டுவருவது?

ர., சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள ர.,

“அழகா இருக்கு தம்பி” என்பது விருந்தாளியிடம் சொல்கிற சொல். தன் வீட்டுப் பொருளைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. வீட்டுப் பொருள் என்றால் குறை சொல்வார்கள், இடம் மாற்றி வைக்கச் சொல்வார்கள். உங்கள் படத்தில் குறை சொல்ல அவர்களுக்கு உரிமை இருப்பதாகவே தோன்றவில்லை. எல்லாம் முடிவான பிறகுதானே காட்டியிருக்கிறீர்கள்?

நீங்கள் சிவகங்கைப் பக்கம் இருப்பதால் எனக்குச் சொல்வது எளிது. அய்யனார் கோயிலுக்கு மண்குதிரைகளைத் தூக்கிப் போகும் புரவி எடுப்பு பார்த்திருப்பீர்கள். அய்யனாருக்கு மண்குதிரை செய்ய வேண்டுமென்றால், அதைச் செய்கிற குயவரான வேளார் தானாகத் தொடங்குவதில்லை. ஊர் கூடி முடிவெடுத்து, ஒரு பிடி மண்ணை அவர் கையில் கொடுக்க வேண்டும். பிடிமண் கொடுத்த பிறகுதான் வேலை. குதிரை ஆளுயரம் வளர்வதெல்லாம் அதற்கப்புறம்.

ஒருமுறை உங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வேளார் வீட்டு முற்றத்தில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். நான்கு கால்கள் மட்டும் எழும்பி, வைக்கோல்புரி சுற்றி நின்றன. அதன்மேல் மண்ணைத் திரித்துத் திரித்து வயிறு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே கூடாக விட்டார். கெட்டியாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடுமாம். போகிற வருகிறவர்கள் நின்று, “கழுத்து இன்னும் கொஞ்சம் நிமிரட்டும்” என்றார்கள். அவரும் தலையாட்டினார், ஆனால் தன் கைக்குத் தெரிந்தபடிதான் செய்தார். அவர்களுக்குச் சொல்ல உரிமை இருந்தது, அவருக்குச் செய்ய உரிமை இருந்தது. இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

அந்தக் குதிரையில் ஊரார் முகம் எதுவும் கிடையாது. ஆனாலும் தோளில் தூக்கிப் போகும்போது அது “நம்ம குதிரை”. ஏர் உழவரையும் மாட்டுவண்டியையும் வரைந்துவிட்டால் ஊரைக் காட்டியதாகிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உங்கள் ஊரில் இன்று எத்தனை மாட்டுவண்டி இருக்கிறது?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு வெள்ளவடிகால் கால்வாயின் காங்கிரீட் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம் இருக்கிறது. ‘கிரேட் வால்’ என்பார்கள். ஜூடித் பாக்கா என்ற ஓவியர் 1976 கோடையில் தொடங்கினார். முதல் கோடையில் 80 இளைஞர்கள், அவர்களோடு பத்து ஓவியர்கள், ஐந்து வரலாற்றாசிரியர்கள். இளைஞர்களில் பலர் போலீஸ், கோர்ட் என்று அலைந்தவர்கள். 1983-க்குள் 400-க்கும் மேற்பட்டோர் அந்தச் சுவரில் வேலை செய்திருந்தார்கள். பாடப்புத்தகம் சொல்லாதது அதில் ஏறியது: 1930-களின் பொருளாதார மந்தத்தில் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டவர்கள், இரண்டாம் உலகப்போரில் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள், நெடுஞ்சாலை வந்து இரண்டாகப் பிளந்த குடியிருப்புகள். வரைந்தவர்களில் பலருக்கு அது தாத்தா பாட்டி கதை. எனக்கு அதில் பெரிதாகப் படுவது வண்ணத்தைவிட இந்த வரிசைதான். கேட்டது முதலில், வரைந்தது பிறகு.

இன்னொன்று. பழைய குதிரைகளை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. காது உடைந்து, கால் சாய்ந்து கிடக்க, பக்கத்தில் புதியது வந்து நிற்கும். உங்கள் சுவரும் மூன்று மழைக்காலத்தில் உரியத்தான் செய்யும். அப்போது தூரிகை எடுக்க ஊரில் நாலு பிள்ளைகளுக்காவது கை பழகியிருக்க வேண்டும். வெளியிலிருந்து ஆள் வரவழைக்கும் பணத்தில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள். உங்கள் நண்பருக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் அவர் வேலை இதில் குறையாது, கூடத்தான் செய்யும்.

இப்போதைக்கு அந்த மாதிரிப் படத்தைச் சுருட்டி வையுங்கள். தண்ணீர் எடுக்க வருகிற நேரத்தில் ஊருணிப் படியில் போய் உட்காருங்கள். யார் வெட்டியது, எந்த வருஷம் வற்றியது, யார் இறங்கக் கூடாது என்று ஒருகாலத்தில் தடுத்தார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அதையும் கேட்காமல் ஊர்ச்சுவரில் கை வைக்காதீர்கள்.

முதலில், கூட்டத்திலிருந்து எழுந்து போன அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போங்கள். கையில் படம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்