பல் இல்லாத பிரெஞ்சிந்தியத் தபால்தலை புரூஃப்தானா?
புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய பிரெஞ்சிந்தியத் தபால்தலையின் ஓரத்தில் பல் இல்லை, இது புரூஃபா, அதாவது தலையை வெளியிடுமுன் எடுத்த அச்சுச் சோதனைப் பிரதியா என்று கேட்டிருக்கிறீர்கள். பல் இல்லாததை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். கத்தரிக்கோல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது! நாலு பக்கமும் வெள்ளை ஓரம் தாராளமாக இருக்கிறதா பாருங்கள். பல் உள்ள தலையை வெட்டினால் அவ்வளவு மிஞ்சாது.

அடுத்து, திருப்பிப் பாருங்கள். புரூஃபில் பெரும்பாலும் பசை இருக்காது. ஆனால் தண்ணீரில் ஊறவைத்தாலும் பசை போய்விடும், ஆகவே தாளையும் கவனியுங்கள்: மெல்லிய வழவழப்புத் தாள் அல்லது தடித்த அட்டை என்றால் நம்பிக்கை கூடும். தபால் முத்திரை விழுந்திருந்தால் ஆசையை விட்டுவிடலாம்.

பெரிய தாளின் நடுவே ஒற்றைப் படம் இருந்தால், செதுக்கிய மூல அச்சிலிருந்து எடுத்த டை புரூஃப். செதுக்கியவர் கையெழுத்தும் இருந்தால் யோகம்தான். முழுத்தாள் அச்சடிக்கும் தகட்டிலிருந்து எடுத்தது பிளேட் புரூஃப். வெளியான தலையிலிருந்து நிறம் மட்டும் வேறு என்றால் நிறச்சோதனை. ஏற்கப்படாத வடிவம் என்றால் எஸ்ஸே.

ஒப்பிட எந்த வெளியீடு என்று தெரியவேண்டுமே? 1892இல் தொடங்கிய தலைகளில் விலை சாந்தீம் என்ற பிரெஞ்சுச் சில்லறைக் காசில் இருக்கும். 1923 முதல் ஃபனோன், காஷ். நம்ம பணமும் காசும்தான். அன்று 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய்.