நைட்ரோ கார் எஞ்சினில் எரிபொருள் கசிகிறதா? கேள்வி பதில்

நைட்ரோ ரிமோட் கார் வைத்திருக்கும் கொழும்பு நண்பர்களிடமிருந்து வந்த கேள்விகளில், கசிவு பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

வெள்ளவத்தை: அண்ணா, என்னுடையது 1/8 அளவு பகி கார். ஓடி முடித்துப் பார்த்தால் சேஸி முழுக்க ஒயில். எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு நீடில் திருகுகளையும் திருகிப் பார்த்துவிட்டேன், பயனில்லை.

தம்பி, நீடிலில் இனிக் கை வைக்க வேண்டாம். கசிவு இருக்கும்போது செய்கிற டியூனிங் எதுவும் நிற்காது. கசிகிற இடத்தை அடைத்த பிறகு அந்த செட்டிங் எல்லாம் பிழையாகிவிடும். முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

நைட்ரோ எரிபொருளில் பெரும்பங்கு மெதனோல். அதோடு நைட்ரோமீதேனும் ஒயிலும் கலந்திருக்கும். வெளியே வந்ததும் மெதனோல் ஆவியாகிவிடும், ஒயில்தான் மிஞ்சும். கார் ஓடும்போது காற்று அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். ஆகவே ஒயில் படிந்திருக்கும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எஞ்சின் ஆறியதும் ஸ்பிரிட்டும் பழைய பல் தூரிகையும் வைத்து எல்லாவற்றையும் கழுவித் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். பிறகு காரை ஸ்டாண்டில் வைத்து ஐடிலில் (திரொட்டில் கொடுக்காமல்) மட்டும் ஓட விட்டு, நிறுத்திய பின் டாங்கி மூடி, டியூப் முனைகள், காபரேட்டர் எஞ்சினில் செருகும் கழுத்து, எஞ்சினின் பின்தகடு, சைலன்சர் இணைப்பு என்று ஒவ்வொன்றிலும் வெள்ளை டிஷ்யூவின் புதிய மூலையை ஒற்றிப் பாருங்கள். போத்தலில் இருந்த அதே நிறத்தில் தெளிவாக வந்தால் கசிவு டாங்கி, டியூப், காபரேட்டர் பக்கம். கறுப்பாகவோ கடும் பழுப்பாகவோ வந்தால் எரிந்த ஒயில், சைலன்சர் பக்கமோ, எஞ்சினின் மேல் மூடியான ஹெட் பக்கமோ. இந்த நிறம் ஒன்றே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

தெஹிவளை: டாங்கி நிறைய இருக்கும்போது நன்றாக ஓடுகிறது. பாதியானதும் எஞ்சின் சூடேறி நின்றுவிடுகிறது. டாங்கி மூடியைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்சம்தான் காரணமாக இருக்க வேண்டும். சைலன்சரிலிருந்து ஒரு டியூப் டாங்கிக்குப் போகிறதல்லவா? புகையின் அழுத்தம் அதன் வழியே வந்துதான் எரிபொருளைக் காபரேட்டருக்குத் தள்ளுகிறது. மூடி கசிந்தால் அழுத்தம் வெளியேறிவிடும். டாங்கி குறையக் குறைய எரிபொருள் போதாமல் போய், கலவை லீனாகி (எரிபொருள் குறைந்து காற்று கூடி), எஞ்சின் கொதிக்கும்.

டாங்கியைக் கழற்றி உள்ளே இருப்பதை முழுதாக ஊற்றிவிடுங்கள். ஒரு முனையை விரலால் அடைத்து, மற்றதில் டியூப் மாட்டி, பார்மசியில் வாங்கிய பெரிய சிரிஞ்சால் மெல்லக் காற்றை ஏற்றி, வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். வாயால் ஊதவோ உறிஞ்சவோ கூடாது. மெதனோல் கண்பார்வையைப் பறிக்கிற நஞ்சு. குமிழி மூடியைச் சுற்றி வந்தால் ஓ ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும், அல்லது மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். டாங்கியின் பொருத்தில் வந்தால் டாங்கியையே மாற்றுங்கள், அதில் பசை நெடுநாள் நிற்காது. டியூபையும் விடாதீர்கள். முனையில் மாட்டுகிற இடத்தில் ஊசிக் கண் அளவு கீறல் இருக்கும், விரலால் வளைத்தால்தான் வாய் திறக்கும். மறுபடி பூட்டுமுன் டாங்கிக்குள் ஒரு துளித் தண்ணீரும் இருக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனை: வெளியே ஒயில் எதுவும் இல்லை. ஆனால் திரொட்டிலை விட்டாலும் சத்தம் உடனே இறங்குவதில்லை, அலறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் புது டியூனிங்.

உள்ளே காற்று இழுக்கிறது. எரிபொருள் வெளியே வருகிற ஓட்டையை விட இது ஆபத்தானது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது காபரேட்டர் கழுத்தைச் சுற்றி ஆஃப்டர் ரன் ஒயில் (ஓடி முடிந்ததும் எஞ்சினுக்கு விடுகிற ஒயில்) ஒரு துளி விட்டுப் பாருங்கள். துளி உள்ளே போனாலோ குமிழி விட்டாலோ இடம் அதுதான். பின்தகட்டின் விளிம்பிலும் இதேபோல் செய்யுங்கள். நீடில்களில் இருக்கும் சின்ன ஓ ரிங்குகளும் காய்ந்து வெடித்திருக்கலாம், கழற்றிப் பாருங்கள்.

கழுத்து என்றால் ஓ ரிங்கை மாற்றி, காபரேட்டரை நன்றாகக் கீழே அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை இறுக்குங்கள். சூடு தாங்கும் சிலிக்கோனை முடி அளவுக்கு மெல்லிசாகப் பூசலாம். வினாகிரி வாடை அடிக்கிற சிலிக்கோன் வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும். ஒரு துணுக்கு உள்ளே விழுந்தால் பிஸ்டன் போய்விடும், கவனம்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் போகிறவர்: அங்கே வாகன உதிரிப்பாகக் கடைகளில் விற்கிற ஓ ரிங், பெற்றோல் டியூப் போடலாமா?

டியூப் வேண்டாம், நைட்ரோவுக்கென்று வருகிற சிலிக்கோன் டியூபே போடுங்கள். ஓ ரிங்கில் அளவு ஒத்தால் மட்டும் போதாது. இரண்டு வாங்கி, ஒன்றை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எரிபொருளுக்குள் ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் மற்றதோடு வைத்துப் பார்த்து, உப்பியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

மட்டக்குளி: கிளச் பக்கம் எப்போதும் ஒயில் ஈரம். முன் பெயாரிங் போய்விட்டதா?

லேசான ஈரம் இருந்தால் பயமில்லை. கிராங்க் தண்டுக்கும் கேஸுக்கும் இடையே ஓடுகிற ஒயில்தான் முன் பெயாரிங்குக்கு உயிர். சொட்டு விழுந்தாலோ, கிளச் வழுக்கினாலோ, ஃபிளைவீலைக் கையால் சுற்றும்போது கரகரத்தாலோ மாற்றுங்கள். நமது கடற்கரைக் காற்றில் பெயாரிங் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. மெதனோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், மிச்ச எரிபொருளோடு எஞ்சினை வைத்தால் உள்ளிருந்தே அரிக்கும். ஓடி முடிந்த அன்றே டாங்கியைக் காலி செய்து, எஞ்சினில் மிஞ்சியதை எரித்துத் தீர்த்து, ஆஃப்டர் ரன் ஒயில் விடுங்கள்.

பம்பலப்பிட்டி, ஒரு தாய்: மகன் இரவில் காரை அலுமாரிக்கு மேல் வைத்தான். காலையில் கீழே எரிபொருள் தேங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்கிற கயிற்றை இழுத்தால் அசைவதில்லை.

இது கசிவாக இருக்காது, அக்கா. டாங்கியில் இருந்தது மெல்ல எஞ்சினுக்குள் இறங்கி நிரம்பிவிட்டது. பலமாக இழுக்க விடாதீர்கள், கொன்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைந்துவிடும். ஹெட்டில் இருக்கும் குளோ பிளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து, முகத்துக்கு நேரே பிடிக்காமல் மெதுவாக இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். தரையைத் துடைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரியக் கூடாது. மெதனோல் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. போத்தலைப் பூட்டுள்ள இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

தெமட்டகொடை: ஹெட்டின் கீழே கறுப்பு ஒயில் கொப்பளிக்கிறது. ஸ்குரூவை இறுக்கினால் போதுமா?

முதலில் பிளக்கின் செப்பு வொசரைப் பாருங்கள், பலமுறை கழற்றி மாட்டினால் அது நசிந்துவிடும். அது சரியாக இருந்தால் ஹெட்டைக் கழற்றி, ஷிம்மையும் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய உலோக வளையம்) அது உட்காருகிற விளிம்பையும் துடைத்து, ஷிம்மில் கீறல் இருந்தால் அதே தடிப்பில் புதிதாகப் போடுங்கள். ஸ்குரூக்களைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஹெட் சாய்ந்து உட்காரும். பூட்டிய பிறகு நீடில்களைத் தொழிற்சாலை செட்டிங்குக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து டியூனிங்கைத் தொடங்குங்கள்.